மதில் சாடிய துப்பறிவாளர்

ஷீஜாவுக்கு எழுத்தாளர்கள் மேல் பக்தி உண்டு. எல்லார் மேலும் இல்லை, மூன்று பேர் மேல் மட்டும். துப்பறியும் கதைக்குக் கமாண்டர் கதிர், பேய்க்கதைக்குப் பைரவதாசன், குடும்பக் கதைக்குத் தேன்மதி வாசு. சமையல் குறிப்பு எழுதும் அறுசுவை அலமேலுவையும் சேர்த்தால் நாலு பேர். ஆனால் அலமேலு அம்மாளை அவள் அடுக்களைக் கணக்கில் வைத்திருந்தாள், இலக்கியக் கணக்கில் இல்லை.

வீடு குலசேகரத்துக்குப் பக்கம். வேலை கோட்டாறில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பில் போடுவது. பேச்சிப்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் கமாண்டர் கதிரை எடுப்பாள். நின்றுகொண்டு போகவேண்டி வந்தால் தேன்மதி வாசு, ஏனென்றால் கால் வலிக்கிறபோது அழுவதற்கு ஒரு முகாந்திரம் கிடைக்கும். பைரவதாசனைக் கூட்டம் நெரிகிற நாளில் மட்டுமே திறப்பாள். காலிப் பஸ்ஸில் பயமாக இருக்கும்.

"ஒரு பாரா வாசிச்சாப் போதும், இது யாருக்க எழுத்துன்னு கண்ண மூடிட்டு சொல்லிருவேன்" என்று கடையில் கூட வேலை பார்க்கும் அஞ்சலியிடம் அடித்துச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பாராவை வாசிப்பது என்று அஞ்சலி கேட்டதில்லை. மதுரைப் பெண், மூத்தவர்களுக்கு மரியாதை கொடுப்பாள்.

மூன்று பேரையும் ஷீஜா துல்லியமாக எடை போட்டு வைத்திருந்தாள். கமாண்டர் பட்டாளத்துக்காரர், டில்லியில் பிறந்து வளர்ந்தவர் என்று பின்னட்டையிலேயே போட்டிருக்கும். பைரவதாசன் கல்யாணம் ஆகாதவர். ஆகியிருந்தால் இத்தனை பேய்களோடு மல்லுக்கட்ட நேரம் கிடைத்திருக்காது. தேன்மதி வாசு மனசில் அடிபட்ட பொம்பளை. புருஷன் தூரதேசத்தில் இருக்கிறவளுடைய ஏக்கத்தை அனுபவிக்காமல் அப்படி எழுத முடியாது. பின்னட்டையில் அவருடைய போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். பாவம், முகத்தைக் காட்டக்கூட வீட்டில் விடவில்லை போல என்று ஷீஜா நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய புருஷன் ஸ்ரீஜித் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணம் கழிந்த கையோடு போனவன், லீவுக்கு வருவதும் போவதுமாக இருந்தான். இப்போது ஒரேயடியாக வந்துவிட நினைக்கிறான். தக்கலையில் ஒரு சர்வீஸ் கடை போடலாம், பிழைத்துக்கொள்ளலாம். ஷீஜாவுக்கும் அதுதான் வேண்டும், அதைவிட்டால் வேறொன்றும் வேண்டாம். தடை ஒன்றே ஒன்றுதான். மாமனார் பொன்னுலிங்கம்.

பொன்னுலிங்கம் சப்ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். மனைவி போன பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். வாயைத் திறந்தால் முத்திரைத்தாள் தீர்ந்துவிடும் என்பதுபோல அளந்துதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்ரீஜித் போனில் மெதுவாக விஷயத்தை எடுப்பான். அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம். "வந்து என்ன செய்யப்போற?" அதோடு போன் ஷீஜாவின் கைக்கு வந்துவிடும். அவருக்கு மறுபேச்சுப் பேச ஸ்ரீஜித்துக்குச் சின்ன வயசிலிருந்தே தைரியம் இல்லை. ஷீஜாவுக்கு அது கல்யாணத்துக்குப் பிறகு போனது.

அவள் புத்தகம் வாசிப்பதும் அவருக்குப் பிடிக்காது. "கத வாசிச்சா கறி வேவுமா பிள்ளே?" என்பார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உறங்குகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

இதனால்தான் தேன்மதி வாசுவின் நாவல்கள் அவளை இத்தனை பாடுபடுத்தின. அவற்றில் வரும் மாமனார்கள் எல்லாரும் மாணிக்கங்கள். பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். மருமகள் கண் கலங்கினால் கைக்குட்டை நீட்டுவார்கள். 'நீ எனக்கு மருமகள் இல்லையம்மா, மகள்' என்பார்கள். அந்த வரி வரும்போதெல்லாம் ஷீஜா பஸ் கம்பியில் நெற்றியை வைத்து அழுவாள். இப்படி ஒரு மாமா எனக்கு வாய்க்கவில்லையே என்று அவளுக்கு உண்மையாகவே ஆற்றாமை உண்டு.

ஒருமுறை அலமேலு அம்மாளின் புத்தகத்தைப் பார்த்து மீன்கறி வைத்தாள். பொன்னுலிங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கூடுதல்" என்றார்.

"புஸ்தகத்துல போட்ட அளவுதான் மாமா" என்றாள் அவள்.

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டு எழுந்து போனார். அந்தப் புத்தகத்தின் அடுத்த பதிப்பு வந்தபோது உப்பு அரை ஸ்பூன் குறைந்திருந்தது. பெரிய எழுத்தாளர்கள் தங்கள் தவறைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்று ஷீஜா அஞ்சலிக்கு விளக்கினாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவள் அஞ்சலிதான். கடையில் ஆள் வராத ஒரு மத்தியானம் கமாண்டர் கதிரின் புது நாவலை எடுத்துப் புரட்டியவள், "ஏன்க்கா, இவரு எதுக்குச் சுவத்தைத் திட்டுறாரு?" என்றாள்.

"யாரு திட்டுனா?"

"துப்பறியிறவருதான். 'கொலைகாரனைத் துரத்தியவர் ஒரே மூச்சில் மதிலைச் சாடினார்'னு போட்டிருக்கு. எதிர்க்கட்சித் தலைவர் அரசைச் சாடினார்னு பேப்பர்ல போடுவாங்கள்ல, அந்த மாதிரியா? மதில் என்னக்கா பண்ணுச்சு?"

ஷீஜா சிரித்தாள். "சாடுததுன்னா சாடுததுதான். இந்தால நின்னுட்டு அந்தால சாடுதது."

"குதிக்கிறதா?"

"ம்ம். சாடுதது."

"எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்கக்கா. மெட்ராஸ்லயும் சொல்ல மாட்டாங்க. உங்க ஊர்ல மட்டுந்தான் மனுசங்க சாடுறாங்க." சொல்லிவிட்டு அஞ்சலி கண்ணாடி துடைக்கப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

ஷீஜாவுக்கு முடியவில்லை. டில்லியில் பிறந்து வளர்ந்த கமாண்டருக்கு இந்த வார்த்தை எங்கிருந்து கிடைத்தது? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கட்டிலில் எல்லாப் புத்தகங்களையும் பரப்பினாள். பைரவதாசனின் பேய் நடுஜாமத்தில் கிணற்றில் சாடியது. தேன்மதி வாசுவின் அடையாறு நாயகி கெட்ட கனவு கண்டு கட்டிலிலிருந்து சாடி எழுந்து, ஒரு கிளாஸ் வெள்ளம் குடித்தாள். வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரியாத மற்ற ஊர்க்காரன் வாசித்தால் அடையாறு ஆறு பெருகி வந்ததைக் கிளாஸில் மொண்டு குடித்தாள் என்றுதான் நினைப்பான். அலமேலு அம்மாளிடம்கூட எண்ணெயில் கடுகு சாடியது. இத்தனை வருஷமும் ஷீஜா இவற்றின் மேலேயே நடந்து போயிருக்கிறாள், கால் இடறவே இல்லை. தன் ஊர்ப் பேச்சு தன் கண்ணுக்குத் தெரியாது போலும்.

அதன்பிறகு மற்றவையும் தெரியத் தொடங்கின. கொலை நடந்த பங்களா, பேய் நடமாடும் பங்களா, காதலர்கள் சந்திக்கும் பங்களா, எல்லாவற்றுக்கும் பத்திரத்தில் எழுதுவதுபோல நான்கெல்லை சொல்லியிருந்தது. கிழக்கே பொதுவழி, மேற்கே தென்னந்தோப்பு, வடக்கே சுடுகாடு என்ற மாதிரி. வர்ணனை என்று அவள் தாண்டிப் போன இடங்கள். காதல் கடிதம் ஒன்றில் 'மேற்படி இதயத்தை எவ்வித வில்லங்கமும் இன்றி உனக்கே ஒப்படைக்கிறேன்' என்று இருந்தது. அந்த வரியை அவள் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

 தேன்மதி வாசுவின் கடைசி நாவலை எடுத்து, தனக்கு மனப்பாடமான பக்கத்தைத் திறந்தாள். துபாயில் இருக்கும் கணவனிடம் நாயகி போனில் சொல்கிறாள்: 'உங்கள் குரல் எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. முகம்தான் நெட்வொர்க்குக்குத் தக்கபடி மாறுகிறது.' எத்தனை நிஜம் என்று உருகிய வரி. நிஜமாக இல்லாமல் என்ன செய்யும்? ஞாபகத்துக்கு ஓர்மை என்பது உட்பட, அது அவள் ஸ்ரீஜித்திடம் சொன்னது. அவள் சொன்னதையே விலை கொடுத்து வாங்கி அழுதிருக்கிறாள்.

ஸ்ரீஜித் மருந்துச் சீட்டைக்கூட வாசிக்காதவன். மிச்சம் இருப்பது ஒரு ஆள். இந்த ஓட்டு வீட்டில் அறைகளுக்கு நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். புருஷனிடம் என்னென்ன பேசியிருக்கிறாள்! பிறகு நல்ல கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு நடுவிலும் வாசகி விழித்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டை நீட்டிய அத்தனை மாமனார்களும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்பதை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேன்மதி வாசுவின் அந்த நாவல் இரண்டு பாகம். மகன் வேலையை விட்டு ஊருக்கு வர விரும்புகிறான். நீதிபதி ராஜசேகர் என்னும் மாமனார் ஈஸிசேரில் சாய்ந்து யோசிக்கிறார். அங்கே முதல் பாகம் முடிகிறது. ஷீஜாவும் யோசித்தாள். மறுநாள் பொன்னுலிங்கம் அறைக்குள் போனதும், யாரையும் அழைக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"இல்ல கேட்டியளா, அந்த ராஜசேகரு மட்டும் மவன வரச்சொல்லல்லன்னா நான் இனி தேன்மதி வாசுவத் தொடவே மாட்டேன். அவ்வளவு பேசுத மனுசன், பெத்த பிள்ளைய ஒரு வார்த்த வான்னு சொல்லாண்டாமா? சொல்லல்லன்னா அது என்ன எழுத்து?"

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல்.

இரண்டாம் பாகம் வந்த அன்று வடசேரி பஸ் ஸ்டாண்டிலேயே, பஸ்ஸை விட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். நீதிபதி ராஜசேகர் ஈஸிசேரிலிருந்து சாடி எழுந்து மகனுக்குப் போன் செய்தார். மூன்று பக்கம் பேசினார். எழுதியது யார் என்று தெரிந்திருந்தும், எழுத வைத்ததே தான் என்று தெரிந்திருந்தும், ஷீஜா தேம்பித் தேம்பி அழுதாள். பூ விற்கிற அம்மா ஒருத்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீஜித் போன் செய்தான். பொன்னுலிங்கம் கேட்டார். "வந்து என்ன செய்யப்போற?" என்றார். போனை நீட்டினார். ஷீஜா வாங்கவில்லை. புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"மாமா, இந்த ராஜசேகரு சாடி எழும்பினாருன்னு போட்டிருக்கு. சாடுததுன்னா மெட்ராஸ்ல யாருக்கும் தெரியாதாம். அஞ்சலி சொன்னா."

பொன்னுலிங்கம் புத்தகத்தைப் பார்த்தார்.  பிறகு, "பின்ன அங்க என்ன சொல்லுவாவ?" என்று கேட்டார்.

"குதிக்கிறதாம்."

"குதிக்கது குரங்குல்லா" என்றார் அவர், முகம் சுளித்து. சொன்ன பிறகுதான் எழுதியவனாகப் பேசிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. காது இரண்டும் சிவந்தன. "பத்திரம் எழுதுகவன் கதையும் எழுதுகான்னு தெரிஞ்சா, நான் எழுதின பத்திரத்த எல்லாம் கதைன்னு சொல்லுவாவ பிள்ளே. அதனாலதான் யாருட்டயும் சொல்லல்ல."

"அது போட்டும் மாமா. நான் பேசினத எல்லாம் கேட்டிய. எனக்கு வெக்கத்துல தொலி உரிஞ்சு போச்சு, தெரியுமா? ஆனா எனக்கு இப்ப ராஜசேகரு மாமா பேசணும். ஒரு தடவ."

போனில் ஸ்ரீஜித், "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான். பொன்னுலிங்கம் போனைக் காதில் வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார்.  மனசில் இல்லாமல் இல்லை, வாய்க்கு வழி தெரியவில்லை. அது ஷீஜாவுக்கே தெரிந்தது, அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவள் மேசையில் கிடந்த அவருடைய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அவர் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து, விரலை வைத்து வாசித்தார்.

"மகனே, நீ உழைத்தது போதும். உன் தாய் போன பிறகு இந்த வீட்டில் பேச்சே இல்லை. உன்னை வா என்று அழைக்க எனக்கு நா எழவில்லை, அது என் குறை. நீ வந்து ஒன்றும் செய்ய வேண்டாம். வந்து இரு, அது போதும்."

'இரு'வில் அவர் குரல் உடைந்தது. அது புத்தகத்தில் இல்லை.

அந்தப் பக்கம் ஸ்ரீஜித், "அப்பா? யாரு பேசுகது? போன ஷீஜாட்ட குடுங்க" என்றான். ஷீஜா வாங்கினாள்.

"ஏட்டி, அப்பாக்கு என்னாச்சு? ஏன் ரேடியோ மாதிரி பேசுகாரு? மறைக்காம சொல்லு. சீரியஸா?"

ஷீஜா மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை நீட்டுகிறவர்களை எழுதியவரிடம் ஒரு கைக்குட்டை இல்லை.

"ஆமா, சீரியஸ்தான்" என்றாள். "உடனே வந்துருங்க."