டோகோ சாலைக்கு இரண்டு ஷாக்குகள்

கார் குலுங்காமல் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள் இரண்டு வேண்டும். முதல் ஷாக்கை அழுத்தினேன். தண்டு வெண்ணெய்க்குள் போவதுபோல இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. செத்ததுதான் என்று கீழே வைத்தேன். வைத்த பிறகு சந்தேகம் வந்தது. நாள்கணக்கில் படுக்கப்போட்ட ஷாக்குக்குள் காற்று புகுந்திருக்கும், நிமிர்த்திப் பலமுறை இழுத்து அழுத்தாமல் முடிவு செய்யாதே என்று கார் மெக்கானிக் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மறுபடி எடுத்தேன். பழைய ஜப்பான் கார்களைப் பிரித்து விற்கும் பாய்சியின் யார்டில் கேட்டைத் தாண்டிய சாமானைத் திரும்ப வாங்கமாட்டார்கள்.

"என்ன தங்கச்சி, ஷாக் வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்றார் பாய்சி.

"மாப்பிள்ளைன்னா இவ்ளோ பாக்க மாட்டேன்ணே."

யார்டே சிரித்தது. அன்று நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல்முறை. அம்மா போனபின் வீட்டில் ஒரு தட்டுதான் நனைகிறது. கடலோரத்து டோகோ ஊரில் இருக்கும் அஞ்சனி அக்காவுக்கு எட்டு மாதம். பிரசவத்துக்கு என்னிடம் வருவதாகச் சொல்லியிருந்தாள். "ஆனா உன் கார்ல வந்தா பிள்ளை ரோட்டுலயே பொறந்துடும்டி. சரி பண்ணு, வர்றேன். இல்லன்னா மாமியார் வீடுதான்."

நிமிர்த்தி அழுத்த அழுத்தத் தண்டு முரண்டு பிடித்தது. கையை எடுத்தேன். மெதுவாக, தானாகவே மேலே வந்தது. இரண்டாவது ஷாக் புதுக் கறுப்புச் சாயத்தில் பளபளத்தது. தண்டு நுழையும் வாயருகே நகத்தால் சுரண்டினேன். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு; ஒழுகுவதை மறைக்கத்தான் சாயம்.

"வகுப்புக்குப் போறவங்களுக்கு விக்கவே கூடாதுப்பா" என்று பாய்சி குவியலிலிருந்து வேறொன்றை உருவிக் கொடுத்தார். அது தேறியது.

வகுப்புப் பட்டறையிலேயே மாட்டினேன். காரின் மூலையை அழுத்தி விட்டேன். ஒருமுறை எழுந்து நின்றது. நம்பாமல் மறுபடி அழுத்தினேன்.

ஞாயிறு காலை டோகோவுக்குக் கிளம்பிப் பாதி வழி போயிருப்பேன், அக்கா போனில் கூப்பிட்டாள்.

"நேத்து ராத்திரி மாமியாரே வண்டி கொண்டுவந்து அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்கடி. எப்படி வேண்டாம்னு சொல்றது? நீ கிளம்பலதானே?"

"இல்லக்கா. இப்பதான் எழுந்தேன்."

"கார் சரியாச்சா?"

"ஆயிடுச்சுன்னுதான் நினைக்கிறேன்."

அங்கேயே திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. வலப்பக்கம் கடல் தெரியத் தொடங்கியது. அதற்கப்புறம் சாலை பள்ளம் பள்ளமாக வந்தது. ஒவ்வொன்றிலும் கார் ஒருமுறை இறங்கி, ஒருமுறை எழுந்தது. அவள் முதுகுக்கென்று பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தலையணை அசையவே இல்லை.