ஏழாவது விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஆலயத்தின் பின்னறையில் ஜெராக்ஸ் தாள்களின் கட்டைப் பிரித்தபோதுதான் நான் செய்திருந்த காரியம் என் கண்ணில் பட்டது. தாளின் முன்பக்கத்தில் அன்றைய ஆராதனை முறைமை இருந்தது. பின்பக்கத்தில், "இந்த வாரம் பெயர் சொல்லி ஜெபிப்போம்" என்ற தலைப்பின் கீழ்ப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஏழாவது விண்ணப்பம் இது:

"சகோதரி பவதாரிணி: வலிப்பு நோயிலிருந்து பூரண சுகம் பெறவும், மேலூர் வீட்டாரிடம் அதைச் சொல்லத் தைரியம் பெறவும்."

அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஆனையூர் சபையின் வாலிபர் ஐக்கியம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும். வட்டமாக அமர்ந்து, பாடி, வேதபாடம் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். செயலாளர் என்ற முறையில் நான் அவற்றை ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாலிபர் ஞாயிறன்று ஆராதனையைப் பெரும்பாலும் நாங்களே நடத்துவோம். அன்று அந்த நோட்டிலுள்ள விண்ணப்பங்களை அச்சிட்டுச் சபையாருக்குக் கொடுப்பது பல ஆண்டு வழக்கம். அவர்கள் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் ஜெபிப்பார்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய தாளை இன்னும் வைத்திருப்பவர்களும் உண்டு.

பவதாரிணி அதை வட்டத்தில் சொல்லவில்லை. வாடிப்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் அவள், இரண்டு வாரங்களுக்கு முன் கூட்டம் முடிந்து பேருந்துக்காக நின்றபோது என்னிடம் மட்டும் சொன்னாள். "எப்சி, எனக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு வரும். நாலு வருசமா வரல. ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாதாம். எங்கப்பா கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாங்குறாரு. எனக்கு அது சரிப்படல. மூணாவது ஓலை வாசிக்கிற அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்கள்ல, சாப்பிட்டதும் நானே சொல்லிருவேன். அதுவரைக்கும் நீ மட்டும் எனக்காக ஜெபி."

ஓலை வாசிப்பது என்றால், இன்னார் இன்னாருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை இருந்தால் தெரிவியுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சபையில் அறிவிப்பது. மூன்றாவது அறிவிப்பு அன்றைக்கு. மாப்பிள்ளை தமிழ்மாறனின் தாயார் பாண்டியம்மாள் அதைக் கேட்பதற்காகவே மேலூரிலிருந்து வரவிருந்தார்கள்.

பவதாரிணி சொன்ன அன்றே, மறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், வீட்டுக்குப் போனதும் அதை நோட்டில் எழுதிவிட்டேன். தனிப்பட்டது என்று ஒரு குறிப்பாவது போட்டிருக்கலாம். சனிக்கிழமை தட்டச்சு செய்தபோது என் கவனமெல்லாம் ஒரு பெயருக்கும் "சகோதரன்", "சகோதரி" விடுபட்டுவிடக் கூடாது என்பதில்தான் இருந்தது. மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

ஞாயிறு பள்ளி அலமாரியைத் திறந்து, தடித்த கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு தாளாக ஏழாவது விண்ணப்பத்தின் மேல் கோடு இழுக்கத் தொடங்கினேன். ஆராதனை எட்டரைக்கு. நூற்று இருபது தாள்கள்.

முப்பதாவது தாளில் இருந்தபோது ஐக்கியத்தின் தலைவன் அழகுராஜா உள்ளே வந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், கிடார் வாசிப்பவன்.

"என்னக்கா, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி உக்காந்திருக்க?"

"ஒரு பிழை ஆயிருச்சு தம்பி. தயவு செஞ்சு எதுவும் கேக்காம கொஞ்சம் உதவி செய்யேன்."

அவன் ஒரு தாளை எடுத்துச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு மறைந்தது. "அக்கா, சாச்சுப் பிடிச்சா எழுத்து பளபளன்னு தெரியுது. நீ கறுப்படிச்சதுனாலதான் எல்லாரும் இதையே பாப்பாக."

நானும் சாய்த்துப் பார்த்தேன். மையின் அடியில் பவதாரிணியின் பெயர் மினுமினுத்தது.

"எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிரலாமா?"

"முறைமைத் தாள் இல்லாம வாலிபர் ஞாயிறா? பெரியவுக சும்மா விடுவாகளா? இரு, ரெண்டு வாட்டி அடிப்போம்." அவனும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்துத் தலை நிமிராமலே சொன்னான்: "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. காலையில ஆறரைக்கே கட்டுல இருந்து ஒரு இருபது தாள உருவி முன்வரிசையில வச்சுட்டேன். உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு."

ஓடினேன். ஆலயத்துக்குள் ஓடக் கூடாது என்று சிறு வயதிலிருந்து பழக்கப்பட்டவள் ஓடினேன். முதல் மூன்று இருக்கைகளிலிருந்து தாள்களை அள்ளினேன். பத்தொன்பது இருந்தன. இருபதாவது தாள், மூன்றாவது இருக்கையின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஓர் அம்மாவின் கையில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடிப்பு கலையாத பருத்திச் சேலை. பக்கத்தில் ஒரு பை நிறைய வாழைப்பழம். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பவதாரிணியின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். ஆகவே அவர்களை எனக்குத் தெரியும்.

"தோத்திரம்மா. தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தாள்ல ஒரு சின்னப் பிழை இருக்கு. வேற தாள் கொண்டுவந்து தாரேன், இதைத் தந்துர்றீங்களா?"

பாண்டியம்மாள் தாளைத் தரவில்லை. "வாம்மா. எப்சிபாதான? நிச்சயத்துல பாட்டுப் பாடுன புள்ளை. மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன், இம்புட்டுச் சீக்கிரம் வந்து சேருவேன்னு நெனைக்கல." தாளை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார்கள். "பிழைன்னா எதும்மா? ஏழாவதா?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"உங்க கூட்டத்துல வேற பவதாரிணி யாரும் இருக்காகளா?"

இருக்கிறார்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேலூர் வீட்டார் என்பதற்கும் வேறொரு குடும்பத்தைக் கற்பித்துவிடலாம். அந்தப் பொய் முழு உருவத்தோடு என் நாவின் நுனிக்கு வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த அம்மாவின் விரல் ஏழாம் எண்ணின் மேல் அசையாமல் இருந்தது.

"அம்மா, அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. எழுதினதே தப்பு. நீங்க அவகிட்டயே கேளுங்க. இப்ப அனுப்பி வைக்கிறேன்."

"சரி," என்றார்கள். அவ்வளவுதான்.

பவதாரிணி பின்னறை வாசலில் பாடகர் குழுவோடு நின்று அங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான்கைந்து முறை சொல்லியிருப்பேன். அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி முழுவதும் படித்தாள். முதலில் அவள் முகத்தில் எதுவுமே தெரியவில்லை.

"ஜெபிக்கத்தான சொன்னேன். அச்சடிக்கவா சொன்னேன்?"

"பவா, வேணும்னு செய்யல..."

"வேணும்னு செஞ்சிருந்தாக் கூட ஒருநாள் சண்டை போட்டுட்டு விட்ருவேன். மத்தியானம் என் வாயால சொல்லணும்னு ரெண்டு வாரமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு இருக்கேன். எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தைன்னு கூட வச்சிருந்தேன். இனி நான் என்ன சொன்னாலும், மாட்டிக்கிட்டதால சொன்னதாத்தான ஆகும்?"

முதல் மணி அடித்தது. ஆராதனைக்கு இன்னும் பதினைந்து நிமிடம்.

அவள் அங்கியோடு நேராக நடந்து போய் மூன்றாவது இருக்கையில், பாண்டியம்மாள் பக்கத்தில் அமர்ந்தாள். நான் பின்னறைக் கதவின் இடுக்கில் நின்று பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. பவதாரிணியின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த அம்மா தாளைத் திருப்பினார்கள், மறுபடி திருப்பினார்கள், நான்காக மடித்தார்கள். சபையார் வந்து நிரம்பத் தொடங்கினார்கள். பவதாரிணியின் அப்பா மலைச்சாமி, வெள்ளைச் சட்டையில் வந்து, சம்பந்தியம்மாளுக்குக் கைகூப்பிவிட்டு, ஒன்றும் அறியாதவராக ஆண்கள் பக்கம் போய் அமர்ந்தார். வாசலில் அழகுராஜா, கறுப்படித்து முடித்த தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாங்கியவர்களில் பாதிப்பேர் இருக்கைக்கு வரும் முன்பே தாளை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார்கள்.

இரண்டாம் மணி அடிக்க, பவதாரிணி திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." பாடகர் வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஆராதனை தொடங்கியது. அழகுராஜாவின் கிடார் எப்போதும்போல் முதல் பாட்டில் முந்திக்கொண்டது. எப்போதும்போல் யாரோ சிரித்தார்கள். அறிவிப்பு நேரத்தில் ஆயர் எழுந்து ஓலைப் புத்தகத்தைத் திறந்தார். மேலூர் சபையைச் சேர்ந்த தமிழ்மாறனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த மலைச்சாமி மகள் பவதாரிணிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருப்பதாகவும், இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு என்றும் வாசித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று சொல்லி, வழக்கப்படி நிறுத்தினார்.

அந்த நிறுத்தத்தில் பெரும்பாலும் யாராவது இருமுவார்கள். அன்று ஒருவரும் இருமவில்லை. எனக்கு அந்த அம்மாவின் கை மட்டும் தெரிந்தது. மடித்த தாள் அதற்குள் இருந்தது. மலைச்சாமி எதையோ உணர்ந்தவர்போல முதல்முறையாகத் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். பவதாரிணி பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ஆயர் புத்தகத்தை மூடினார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. ஆனால் எழுந்திருக்காததற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. தடை சொல்ல எழுவதுதான் கடினம். வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் சொல்வது சுலபம்.

பிரசங்கத்துக்குப் பிறகு என் முறை வந்தது. விண்ணப்ப ஜெபத்தை நடத்த வேண்டியவள் நான். ஒலிபெருக்கியின் முன் நின்று ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். சகோதரன் சிவபாண்டியின் வேலைக்காக. சகோதரி கனகாவின் தேர்வுக்காக. ஒவ்வொன்றுக்கும் சபையார் "கேட்டருளும்" என்றார்கள். ஆறாவது முடிந்தது. எனக்கு அடுத்து எட்டு.

"எட்டாவதாக, சகோதரன்..."

"ஏழாவது இருக்கும்மா."

குரல் மூன்றாவது இருக்கையிலிருந்து வந்தது. உரக்கச் சொல்லப்படவில்லை, ஆயினும் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். பாண்டியம்மாள் மடித்த தாளைப் பிரித்து வைத்திருந்தார்கள். "ஏழாவத விட்டுட்டீக. அதுக்கும் ஜெபிக்கணும்ல."

நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள் என் பக்கம் திரும்பின. எனக்கு அந்த வரி மனப்பாடம். பெரியவர் ஒருவர் சபை நடுவே கேட்கும்போது மறுத்துப் பழக்கமில்லாதவள் நான். வாசித்துவிடத்தான் வாய் திறந்தேன்.

திறந்தபின்தான் பாடகர் வரிசையைப் பார்த்தேன். பவதாரிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கலாமா என்று கண்ணால் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம்.

"மன்னிக்கணும்மா," என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அந்த விண்ணப்பத்தை வாசிக்க எனக்கு அனுமதி இல்லை. அது யாருடையதோ அவர் அறிவார், கர்த்தரும் அறிவார். ஏழாவது விண்ணப்பத்துக்காக அனைவரும் மௌனமாக ஜெபிப்போம்."

மௌனம் நீண்டது. மின்விசிறிகளின் ஓசையும், வெளியே சாலையில் ஒரு பேருந்து கடந்து போகும் ஓசையும் கேட்டன. எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பாண்டியம்மாள்தான், "கேட்டருளும்," என்றார்கள். சபை அதைத் திருப்பிச் சொன்னது. நான் எட்டாவதுக்குப் போனேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, மலைச்சாமி வண்டிகள் நிற்கும் இடத்தில் சம்பந்தியம்மாளை நெருங்கத் துணிவில்லாமல் தள்ளி நின்றார். பாண்டியம்மாள் வாழைப்பழப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு பவதாரிணியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே போக வேண்டியிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மாறன்கிட்ட நீயே சொல்லு. மத்தியானம் பஸ்ஸுல வாரான். நான் சொன்னா என் வார்த்தையாப் போயிரும். அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நான் சொல்லவும் மாட்டேன்."

"சரிங்கத்தே."

"உங்கப்பா சொல்லவேணாம்னு சொன்னாராக்கும்?"

பவதாரிணி அப்பா நின்ற பக்கம் பார்த்தாள்.

"அவருகிட்ட அப்புறம் பேசிக்கிறேன்." பையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்கள்: "மாத்திரை மத்தியானமும் உண்டா? சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி. காலையும் ராத்திரியும் மட்டுந்தான்."

"காலையில போட்டியா? என் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருந்ததுல மறந்துறலயே?"

பவதாரிணி கைப்பையைத் திறந்து பார்த்தாள். மறந்திருந்தாள். அந்த அம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்து அவளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாத்திரையை விழுங்கியபின் பவதாரிணி என்னைப் பார்த்தாள், கையை நீட்டினாள். "அந்த நோட்டக் குடு."

கொடுத்தேன். தன் விண்ணப்பம் இருந்த பக்கத்தை ஓரம் பிசிறில்லாமல் கிழித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நோட்டைத் திருப்பித் தந்தாள்.

"வெள்ளிக்கிழமை வாரேன்," என்றாள். "ஆனா எனக்கு விண்ணப்பம் எதுவும் இருக்காது. கொஞ்ச நாளைக்கு."

"சரி," என்றேன். வேறு எந்த மரியாதைச் சொல்லும் எனக்கு அப்போது தோன்றவில்லை.