காலை நேரத்து ஓட்டை

அந்தத் தெருவில் யாராவது "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் காத்திருப்பார்கள். ஏனென்றால் அது மூலைவீட்டு டெய்லரின் பட்டப்பெயர். வாசல் அறையில் மெஷின், கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி. யார் வந்து நின்றாலும் அந்தக் குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "பட்டனுக்குக் காஜா மட்டுந்தான் பாக்கி. அஞ்சு நிமிஷம்." ஒருவர் இன்டர்வியூவுக்கென்று கொடுத்த பேன்ட், அவர் அந்த வேலையில் சேர்ந்து, சலித்துப்போய், ராஜினாமா செய்த பிறகுதான் கைக்கு வந்தது என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். வேலையில் சேர்ந்தது வரைக்கும் உண்மை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மணியக்கா. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் தலையசைத்தால்தான் மணி அடிப்பார்கள். ஹெட்மாஸ்டரே அவள் முகத்தைப் பார்த்துத்தான் டீயைக் கீழே வைப்பார். ஒரு பள்ளிக்கூடத்தையே நேரத்துக்கு ஓட்டியவளுக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஒரு ஆளை ஓட்ட முடியவில்லை. என்ன செய்வாள்? வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். ஹாலில் இருப்பது, சமையலறையில் இருப்பது, புருஷன் மணிக்கட்டில் இருப்பது, எல்லாம். போன் மட்டும் அவள் சொல்லுக்கு அடங்கவில்லை. அதனால் அதை அவர் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்துவிடுவாள். இது அவருக்குத் தெரியாத ரகசியம் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை அந்தப் பெட்டியை அனுப்பினார்.

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஜன்னலோரம் வைத்தால் காற்றில் இருக்கும் கதிர்வீச்சை அளந்து 'டிக்... டிக்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் பழைய கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேர் ஒவ்வொரு ரீடிங்கையும் நேரம் போட்டு இன்டர்நெட்டில் ஏற்றும். நானூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை போனைத் திறந்தால் மாமனார் வீட்டு ஜன்னல் நிலவரம் ஒரு கோடாக ஓடும்.

எதற்கு இவ்வளவு அமர்க்களம் என்றால், வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடை. ஏதோ ஆஸ்பத்திரி கழித்துக்கட்டிய பெரிய ஸ்கேன் மெஷின் ஒன்று அங்கே வந்து இறங்கியது. கதிர்வீச்சு கசியுமோ என்று தெரு முழுக்கப் பேச்சு. அதிகாரிகள் கருவியோடு வந்து, கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். தெரு அடங்கியது. மாப்பிள்ளை அடங்கவில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் குழந்தை மாதம் முடியும் முன்பே பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன் தலைமாட்டில் ஓடிய ஒரு கோட்டைப் பார்த்தே நாட்களைக் கழித்த தகப்பன் அவர். அந்தக் கோடு ஒழுங்காக ஓடினால்தான் அவருக்கு மூச்சு வரும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

"அதிகாரிங்க ஒரு நாள் பார்த்துட்டுப் போயிட்டாங்க அத்தை. என் பொண்ணு அங்க மூணு மாசம் இருக்கப் போறா. ஒரு வாரம் கோடு ஓட்டையில்லாம ஓடட்டும். நானே கொண்டுவந்து விடறேன்."

மகளுக்கு இந்த மூன்று மாதம் வேண்டியிருந்தது. போனில் பேசும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். "அம்மா, தலைமுடியை..." என்று ஆரம்பித்து அப்புறம் மூச்சு மட்டும் கேட்கும். மணியக்கா போனைக் காதில் வைத்தபடி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். தொட்டில் தயார், கொசுவலை தயார். குழந்தைக்கான சின்ன கவுன் மட்டும் மெஷின் மேல் ஒரு கையோடு கிடந்தது. இன்னொரு கை, எப்போதும் போல, அஞ்சு நிமிஷத்தில்.

கோடுதான் ஒத்துழைக்கவில்லை. தினமும் காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அறுந்துபோகும். மத்தியானம் மறுபடி எங்கிருந்தோ முளைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பெட்டி என்னவோ காலை முழுக்க 'டிக் டிக்' என்று உயிரோடுதான் இருக்கும். அதன் முகத்தில் நம்பர் மாறிக்கொண்டேதான் இருக்கும். இணையத்தில் மட்டும் வெறுமை.

டெய்லர் கேபிளைக் கழற்றி மாட்டினார். வேறு கேபிள் வாங்கி மாட்டினார். காலையில் அயர்ன் பாக்ஸ் போடுவதால் இருக்குமோ என்று ஒரு நாள் அயர்ன் பண்ணாமல் சட்டையைக் கசங்கலாகவே கொடுத்து வாடிக்கையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். ஓட்டை அசையவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்தார்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டை இல்ல. கவனிச்சீங்களா?"

"ஆமா, அன்னைக்கு நல்லா ஓடுதே."

"ஞாயித்துக்கிழமை இரும்புக்கடை லீவு."

மணியக்கா பின்கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"காலையில அங்க எதையோ உடைக்கிறாங்க. அந்த நேரம் பார்த்து ரீடிங் காணாமப் போகுது. தப்பா நினைக்காதீங்க... மாமாவும் அந்தக் கடைக்காரரும் ரொம்ப சிநேகம்னு உங்க பொண்ணு சொன்னா. நம்பர் ஏறினா பிரச்சினைன்னு மாமா கழட்டி விட்டுடறாரோ?"

போனை வைத்தவள் நேரே வாசல் அறைக்கு வந்தாள்.

"ஏங்க, காலையில அந்தப் பெட்டிகிட்ட என்ன பண்றீங்க?"

"நானா? எனக்கு என் வேலையே முடியல, அதுகிட்ட எனக்கென்ன வேலை?"

"உங்க சிநேகிதரைக் காப்பாத்தறீங்கன்னு மாப்பிள்ளை சொல்றார்."

டெய்லர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். அவர் வாயில் ஊசியில்லாமல் பேசுவதே அபூர்வம். "என் பேத்தி வரணும்னு நான் நினைக்கமாட்டேனா?" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஊசியை வாயில் வைத்துக்கொண்டார்.

அதற்குமேல் அவரிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. ஆனால் கோபத்துக்கு ஓர் இடம் வேண்டுமே. பின்கதவு வழியாக இரும்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு சைக்கிள் ரிம்மை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலையில கடைக்குள்ள என்னத்தைப் போட்டு உடைக்கிறீங்க?"

"இரும்பைத்தான். பூவையா உடைக்க முடியும்?"

"விளையாடாதீங்க. உங்களால என் பேத்தி வீட்டுக்கு வர முடியாம கிடக்கு. அந்த மெஷினை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சுற்றி நின்ற நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் ரிம்மைக் கீழே வைத்தார். "அதை அன்னைக்கே லாரி ஏத்தியாச்சு. அந்தப் பேச்சால எங்கிட்ட பழைய பாத்திரம் போடக்கூட ஆள் வரதில்ல. எல்லாரும் பேசினாங்க, பொறுத்துக்கிட்டேன். நீங்களுமா அக்கா?"

பேச்சில் அவளை வெல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அன்றைக்கு அவளே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். விஷயம் அவளுக்கு முன்னால் தெருமுனைக்குப் போய்விட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஏற்கெனவே பல தடவை பேசியாயிற்று. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பேசுவாள். அந்த நேரம் கோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். "இப்ப சரியாத்தானே மேடம் இருக்கு?" என்று வைத்துவிடுவார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நின்றுபோகும் இருமல் மாதிரி. இந்தத் தடவை பேசிய பெண் அப்படி விடவில்லை.

"கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கீங்களா மேடம்? சாஃப்ட்வேரைத் திறந்தா, காலையில அனுப்பின ரீடிங் எல்லாம் வரிசையா இருக்கும், அதை வாசிச்சுக் காட்டுங்க."

டெய்லர் மௌஸைப் பிடித்தார். "அஞ்சு நிமி..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் பார்வையைக் கண்டு விழுங்கிக்கொண்டார். வரிகள் வந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டு மணியக்கா வாசித்தாள். ஒவ்வொரு ரீடிங்கும் இருந்தது. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் காலை வரிகளின் கடைசியில் எல்லாம் 'ஏற்கப்படவில்லை' என்று சிவப்பில் இருந்தது.

"பக்கத்துல காரணம் போட்டிருக்குமே?"

"எதிர்கால நேரம்னு போட்டிருக்கு. அப்படின்னா என்னம்மா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "மேடம், உங்க வீட்டு ரீடிங் எல்லாம் எதிர்காலத்துலேர்ந்து வந்திருக்கு. எங்க சர்வர் மணியை விட உங்க கம்ப்யூட்டர் மணி முந்தி ஓடினா, இன்னும் வராத நேரத்துக்கு எப்படி அளவு வரும்னு அது திருப்பி அனுப்பிடும். மத்தியானம் கம்ப்யூட்டர் தானாவே நேரத்தைச் சரி பண்ணிக்குது, அப்புறம் ஒழுங்கா வருது. காலையில யாராவது கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாத்தறீங்களா?"

மணியக்கா ஹால் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

தினமும் காலையில் தூசி தட்டும்போது அந்தத் திரையின் மூலையில் மணியைப் பார்ப்பாள் மணியக்கா. ஹால் கடிகாரத்தைவிடப் பின்தங்கியிருக்கும். இதுவும் இவரை மாதிரியே சோம்பேறி என்று திட்டிக்கொண்டே தள்ளி வைப்பாள். மத்தியானம் அது பழையபடி ஆகிவிடும்; மறுநாள் மறுபடி தள்ளுவாள். ஞாயிற்றுக்கிழமை தையல் கிடையாது, அவருக்கு நேரம் எதற்கு என்று விட்டுவிடுவாள். இரும்புக் கடைக்கு மட்டுமா ஞாயிற்றுக்கிழமை லீவு?

டெய்லர் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் குனிந்து, "கரன்ட் போய் வந்தா அப்படி ஆகுமாம்மா? எங்க ஏரியால அடிக்கடி போகும்" என்றார்.

முப்பது வருஷமாக அவளிடம் லேட்டுக்குத் திட்டு வாங்கிய மனுஷன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருப்பிக் கொடுக்க வாகாக வந்து விழுந்திருக்கிறது. இவர் என்னடா என்றால் மின்சாரத்தின் மேல் பழியைப் போடுகிறார். அதுதான் அவளைத் தாக்கியது.

"கரன்ட் எல்லாம் இல்லம்மா," என்றாள் மணியக்கா. "நான்தான் தள்ளி வைக்கறேன்."

"பரவால்ல மேடம்! ரீடிங் எல்லாம் பத்திரமா இருக்கு. எவ்வளவு முந்தி வச்சீங்கன்னு கரெக்டா சொன்னா, கழிச்சு சரியான நேரத்துல ஏத்திடலாம்."

"பத்து நிமிஷம்."

"பதினேழு," என்றார் டெய்லர்.

மணியக்கா திரும்பினாள்.

"முதல்ல பத்துதான் வச்ச. அப்புறம் ஒவ்வொரு தடவை பாட்டரி மாத்தும்போதும் நம்பிக்கையில்லாம கொஞ்சம் கொஞ்சம் ஏத்திட்ட. இப்போ பதினேழு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கழிச்சுத்தானே பார்க்கறேன் இத்தனை வருஷமா. அளவெடுக்கறவன்கிட்ட போய் அளவை மறைக்கறியே."

அந்த வீட்டில் அவள் கடிகாரத்தை நம்பி ஏமாந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

சாயங்காலத்துக்குள் ஓட்டைகள் எல்லாம் ஒட்டுப்போட்ட மாதிரி அடைபட்டன. காலை அளவும் மற்ற நேரத்து அளவும் ஒன்றுதான். எங்கேயும் ஏற்றம் இல்லை. மாப்பிள்ளைக்கு மணியக்காவே போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான் மாமாவை..." என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"நானுந்தான். அவர் அதையும் கழிச்சுப் பார்த்துக்குவார். எம் பொண்ணை எப்பக் கூட்டிட்டு வரீங்க?"

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு அங்க இருப்போம் அத்தை."

மறுநாள் காலை பின்கதவு வழியாக மறுபடி போனாள். அதே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: "அண்ணே, தப்பு என் மேலதான். உங்க கடைமேல ஒண்ணுமில்ல. என் கடிகாரந்தான் கெட்டது." கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கெட்ட கடிகாரத்தை இங்க போட்டுருங்கக்கா. நல்ல விலை தர்றேன்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு வழி?

சனிக்கிழமை மணியக்கா குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஹால் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

"என்னடி, பதினோரு மணின்னு சொன்னீங்க?"

மகள் சிரித்தாள். குழந்தையோடு இறங்கிய மாப்பிள்ளைதான் சொன்னார்: "எங்க வீட்டுக் கடிகாரம் எல்லாம் முந்தித்தான் ஓடும் அத்தை. உங்க பொண்ணு வேலை. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

மகளின் கண்ணுக்குக் கீழே கருவளையம். மணியக்கா அவளைத் தொட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்பினாள். தலை சாய்ந்ததும் மூச்சு ஒரே சீராக வந்தது. இந்தத் தடவை அதைக் கேட்கப் போன் வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை ஜன்னலோரம் போய்ப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். கையில் போனை எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு, குழந்தையை மாமனார் மடியில் வைத்தார். குழந்தை அவர் கழுத்து டேப்பின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"ஏங்க, கவுன் எங்க?" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரலில் கேட்டாள் மணியக்கா.

டெய்லர் வாயிலிருந்த ஊசிகளைக் குழந்தைக்காக எப்போதோ எடுத்து வைத்துவிட்டிருந்தார். மெஷின் மேல் கிடந்த ஒற்றைக் கை கவுனைப் பார்த்தார். டேப்பை விடாத பிடியைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்," என்றார்.

சரி என்றுவிட்டாள்.