மணி அடிக்கும் வேலை

எங்கள் வீட்டுக்காரர் ராஜேந்திரன் ரிட்டயர் ஆன மறுமாதமே ஓர் ஊர் கட்டக் கிளம்பிவிட்டார். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்தியவர், சும்மா இருக்கத் தெரியாது. அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு புளியமரம். அங்கே ஏழு குடும்பங்கள் போய்க் குடியேற வேண்டும். தின்பதைத் தாங்களே விளைத்துக்கொள்ள வேண்டும், வேண்டிய சாமானைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும், கடைக்கே போகக் கூடாது. இதுதான் திட்டம். இரண்டாயிரமாவது வருடம் தை மாதத்தில் இது ஆரம்பித்தது.

நான் எழிலரசி. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. கிராம நர்ஸ் வேலை. தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராக நடக்கிறேன். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் முகாம் ட்யூட்டி. வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்களின் கொப்புளத்துக்கெல்லாம் மருந்து போட்டு முடிப்பதற்குள் என் கால் வீங்கிப்போகும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு. அவருக்கு ரிட்டயர்மெண்ட் வந்தது, அடுப்புக்கு வரவில்லை. ஒளிவுமறைவு என்ன, எனக்கு அலுத்துவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அழுகை வரும் அளவுக்கு அலுத்துவிட்டது.

அதனால் அவர் ஊர் கட்டப் போகிறேன் என்றதும் நான் சண்டை போட்டிருப்பேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. அந்த ஊர் மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் அவசரமாக வேண்டியிருந்தது. விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடிதத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்து டிவி மேல் வைத்தார். மார்ச் மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பெங்களூரில் இருக்கும் மகள் கவியா, "யோசிச்சு செய்ம்மா" என்று போனில் சொன்னாள். யோசிக்கக்கூடத் தெம்பில்லை, போய் விழுந்தால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வேங்கிக்காலில் எங்கள் வீட்டில்தான் கூட்டம். இவர் ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அந்த ஊரில் அவரவர் செய்யப்போகும் வேலை. அதற்கு ஒரு விதியும் போட்டார்.

"இங்க சம்பளம் வாங்கிக்கிட்டு செஞ்ச வேலைய அங்க யாரும் செய்யக்கூடாது. மனசுக்குப் புடிச்ச வேலைய மட்டும்தான் எழுதணும்."

அட, எல்லோர் முகத்திலும் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! பேங்க் மேனேஜர் சகாதேவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்போ எனக்கு மாடு குடுத்துடுங்க சார். நாலு மாடு. காலையில எந்திரிச்சு மாட்டு மூஞ்சில முழிக்கணும். கஸ்டமர் மூஞ்சியே வேணாம்."

கலெக்டர் ஆபீஸ் சூப்பரண்டு ராமகிருஷ்ணன் தேனீ வளர்ப்பதாகச் சொன்னார். "முப்பது வருஷமா பெட்டிஷன் வாங்கிட்டேன். தேனீ பெட்டிஷன் குடுக்காது பாருங்க." எங்கள் வீட்டுக்காரர் தச்சு வேலை என்று எழுதிக்கொண்டார். வீட்டில் ஓர் ஆணி அடித்தவரில்லை.

"நான்?" என்று கேட்டேன்.

"நீ ஊசி போடக்கூடாது. வேற எது வேணா சொல்லு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படி ஒன்று கேட்டதே இல்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஐஸ் பெட்டியோடு நடந்துகொண்டே யோசித்தேன். பூச்செடி வைக்கலாமா என்றால் குனிய வேண்டும், இடுப்பு வலிக்கும். கூடை பின்னலாமா என்றால் விரல் வலிக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரலாமா? இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகள் அழுவதைத்தான் கேட்கிறேன், ஆளை விடு. எதை நினைத்தாலும் உடம்பு முந்திக்கொண்டு வேண்டாம் என்றது. மனசுக்குப் பிடித்த வேலை என்று ஒன்று எனக்கு இல்லவே இல்லையோ என்று பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிரிவலப் பாதையில் ஒரு மடத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். உச்சி வேளை. ஒரு சாமியார் வெளியே வந்து வாசலில் தொங்கிய மணியைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மணி அடித்தவரும் கயிற்றை விட்டுவிட்டு முதல் இலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். சுடச்சுடச் சோறு விழுந்தது அவர் இலையில். நான் பஸ்ஸை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூடாகச் சாப்பிட்டு எனக்கு எத்தனை வருடம் ஆகிறது! எல்லோருக்கும் போட்டுவிட்டு உட்காரும்போது ரசம் சில்லிட்டுப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "நான் மணி அடிக்கிறேன். சாப்பாட்டு மணி. அடிச்சுட்டு மொதல் பந்தியில உக்காருவேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நர்சம்மாவுக்கு இவ்ளோ தமாஷ் வருமா! தெரியாமப் போச்சே" என்றார் சகாதேவன். இவரும் சிரித்துக்கொண்டே என் பெயருக்கு நேரே 'மணி' என்று எழுதினார். அப்புறம்தான் சார்ட்டின் அடிக்கட்டத்தைப் பார்த்தேன். 'சமையல்' என்று போட்டு, அதற்கு நேரே எழிலரசி, கஸ்தூரி, ராணியம்மாள் என்று மூன்று பெயர் இருந்தது. கஸ்தூரி சகாதேவனின் மனைவி. ராணியம்மாள் ராமகிருஷ்ணனின் மனைவி.

"என் பேரு ரெண்டு இடத்துல இருக்குதே?"

"சமையலுக்கு நீ என்னைக்காவது சம்பளம் வாங்கியிருக்கியா? இல்லையே. அப்போ விதிப்படி அத செய்யலாம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பரீட்சைப் பேப்பரில் மார்க் கூட்டுவதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அந்த எடத்துல என் பேர அடிச்சுடுங்க. மணி ஒண்ணுதான் எனக்கு."

"சரி சரி, பாத்துக்கலாம்" என்றார். அடிக்கவில்லை. நானே பேனாவை வாங்கி அடித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

டம்ளர் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது கஸ்தூரி பின்னாலேயே வந்தாள். "அக்கா, நானும் என் பேர எடுத்துடச் சொல்லட்டா? எனக்கு மாட்டு வண்டி ஓட்டணும்க்கா. சின்னதுலேர்ந்து ஆசை." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டுடி, உன்னை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். போய்த் தன் பெயரையும் அடித்துவிட்டு வந்தாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போய் ஒருநாள் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவானது. ஆளுக்கொரு வேலை, சார்ட்டில் இருப்பதுபோல. முதல் நாளே ராமகிருஷ்ணன் அரிசி, பருப்பு, கத்திரிக்காய், இலைக்கட்டு எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தார். பாத்திரங்களும் வந்திருந்தன. புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டை எனக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சமையல் கட்டத்தில் மிச்சமிருந்த ராணியம்மாளுக்கு முட்டிவலி, வரவில்லை. கஸ்தூரி வந்ததும் வராததுமாகப் பக்கத்து நிலத்து அப்பாசாமியின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இவர் இரம்பத்தை வைத்துக்கொண்டு ஒரு பலகையோடு மல்லுக்கட்டினார். சகாதேவன் வாடகைக்கு வந்திருந்த பசுவைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் பாத்தி கட்டினார்கள். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணி வெயில் மூட்டை மேல் ஏறியது. இவர் வந்தார். அவிழ்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூட்டையைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பதினொன்றரைக்கு மறுபடி வெயில் வந்தது. ராமகிருஷ்ணன் வந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். வைத்துவிட்டு, "நர்சம்மா, ஒரு வாய் டீ கெடைக்குமா?" என்று கேட்டார்.

"டீ என் வேலையில்லைங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குக்கூட எனக்கு நம்பிக்கை போகவில்லை. ஆண்பிள்ளைகள் பதினோரு பேர் இருக்கிறார்கள், யாருக்காவது ஒருத்தருக்குத் தோன்றாதா? நானே எழுந்து அடுப்பு மூட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கை பரபரத்தது. கையை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்ததுதான் என் ஆயுசிலேயே கஷ்டமான வேலை.

சரியாக ஒரு மணிக்கு எழுந்து மணி அடித்தேன். பன்னிரண்டு தடவை.

எல்லோரும் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு சிரித்துப் பேசியபடி வந்தார்கள். வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நானும் முதல் ஆளாக உட்கார்ந்தேன். சகாதேவன் இலைக்கட்டைப் பிரித்துத் தனக்கொன்று போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கும் தள்ளிவிட்டு, செம்புத் தண்ணீரை இலையில் தெளித்துத் துடைத்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"எங்க சாப்பாடு?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"யாரு சமைச்சாங்க?" என்றேன்.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னாம்மா இது, நீங்க மணி அடிச்சீங்களே!" என்றார் ராமகிருஷ்ணன், நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"மணி ஒண்ணு ஆச்சு. அடிச்சேன். அதானே என் வேலை."

யாரும் சிரிக்கவில்லை. வண்டி மேலிருந்து கஸ்தூரி மட்டும் சிரித்தாள், சகாதேவன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஒருத்தர் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போய்ப் பெட்டிக்கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிவந்தார். கடைக்கே போகாத ஊரில் முதல் விருந்து அதுதான். துடைத்து வைத்த இலையில் பன்னை வைத்துச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. செருப்பைக் கழற்றும் வரை பேசாமல் வந்தவர் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். "வர இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணுமா?"

"இஷ்டம் இல்லையா? உங்க எல்லாரையும்விட ஜாஸ்தி இஷ்டம் எனக்குத்தாங்க. பத்து மணியிலேர்ந்து அந்த மூட்டையவே பாத்துட்டு இருந்தேன். ரெண்டு தடவ நிழலுக்கு மாத்துனீங்க. யாராவது அவுத்து ஒரு பிடி அரிசிய ஒலையில போட்டிருந்தா, இப்ப வந்ததும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அவர் டிவி மேலிருந்த கடிதத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "சரி, இன்னைக்கு நான் சமைக்கிறேன். நீ படு" என்றார்.

பொய் சொல்வானேன், என் மனசு அப்படியே இளகிவிட்டது. கூடத்தில் தலையணையைப் போட்டுப் படுத்தேன். ஃபேன் சுற்றியது. கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தது. சாப்பிட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"எழிலு, அரிசி எங்க இருக்குது?"

"மேடைக்குக் கீழ. நீல ட்ரம்."

"எத்தினி டம்ளர்?"

"ஒண்ணரை போதும்."

"எத்தினி தடவ கழுவணும்?"

"ரெண்டு."

"பருப்பு எதுல இருக்குது? மஞ்சத்தூள் இப்பவே போடணுமா? குக்கர் வெயிட்ட எங்க வெச்ச?"

கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு வந்தேன். பருப்பு இரண்டாவது டப்பாவில். மஞ்சள்தூள் இப்போதே. வெயிட் தட்டுக்கூடையில். புளி ஊறப் போட்டுவிடுங்கள் என்று கேட்காமலே சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் சமைப்பது நான்தான். நிற்காமல் படுத்துக்கொண்டு சமைக்கிறேன், அவ்வளவுதான்.

"நான் அங்க வரலைங்க" என்றேன்.

"எங்க?"

"உங்க ஊருக்கு."

அவர் கையில் டம்ளரோடு சமையலறை வாசற்படிக்கு வந்தார். சட்டையெல்லாம் ஈரம். "ஏன்? அதான் சமைக்கிறேன்ல?"

நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது.

"அங்கயும் அரிசி எங்க இருக்குதுன்னு என்னத்தான் கேப்பீங்க."

உள்ளே குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்தார், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் போய் மூடுவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் நானே எழுந்துபோய் மூடினேன்.