தல்சு குரல் கொடுக்காத பாட்டு

புளித்த திருக்கை மீன் துண்டை வாயில் போட்டதும் உஜினுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தார்கள். கொரியாவின் தென்கரைத் துறைமுகமான மொக்போவில் சாவுச் சாப்பாட்டில் அந்த மீன் இல்லாமல் இருக்காது. சோல் நகரத்திலிருந்து வருகிறவர்கள் அதைத் தின்னப் படும் பாட்டைப் பார்க்காமல் ஊர்க்காரர்களுக்கும் சோறு இறங்காது.

"அழுதா இப்படி அழணும்யா," என்றார் மீன் ஏலம் விடும் பாங். "பெத்த மகன்கூட இவ்வளவு அழலை."

மேசையின் ஓரத்தில் ஹேரான் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இருந்த மாட்டிறைச்சிச் சாறு ஆறி, மேலே சிவப்பு எண்ணெய் ஆடை படிந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த அறையில் வெள்ளைச் சாமந்திப் பூக்களுக்கு நடுவே தல்சுவின் படம் தெரிந்தது. நல்ல படம் கிடைக்கவில்லைபோலும். ஏதோ மேடைப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். வாய் பாதி திறந்திருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்து, "மனுசன் சிரிக்கிற மாதிரியே இருக்காருல்ல," என்றார்கள். அது சிரிப்பு இல்லை என்று ஹேரானுக்குத் தெரியும். அது எந்த மேடை, எந்தச் சுரத்துக்கு அவர் வாய் திறந்தார் என்பதுகூடத் தெரியும். படத்தின் இடது ஓரத்தில் வெளிர்பச்சையாக ஒரு கீற்று விழுந்திருந்தது. அது அவளுடைய பாவாடை.

வந்ததும் படத்தின் முன் இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தபோது அந்தக் கீற்றைத்தான் பார்த்தாள். ஆறு வருடங்களாக அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் படுத்துக்கிடந்த மாதங்களில் ஒரு தடவை மருத்துவமனைக் கார் நிறுத்துமிடம் வரை வந்தாள். கையிலிருந்த பேரிக்காய்ப் பெட்டியோடு கால் மணி நேரம் நின்றாள். பிறகு பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

தல்சுவின் மனைவி சூன்னிம் கறுப்பு உடையில், கையில் கடலைத் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அழுது குரல் கட்டியிருந்தது.

"சாப்பிடவே இல்லையே நீ."

"சாப்பிடுறேன் அண்ணி."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எடுக்குறோம்." சூன்னிம் கடலைத் தோலை விரலால் நசுக்கினாள். "நீ பாடணும்னு எனக்கு ஆசை. அந்தப் பாசிப் பாட்டு. முடியாதுன்னா சொல்லிடு, நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன். ரெக்கார்டைப் போட்டுக்கலாம். அதுல ரெண்டு பேரும் இருக்கீங்கல்ல."

"சாயங்காலம் சொல்றேன் அண்ணி," என்றாள் ஹேரான். வேறு எதைப் போட்டாலும் போடட்டும், அதை மட்டும் போட வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பாறையில் கடற்பாசி அறுக்கும்போது தீவுப் பெண்கள் பாடும் பாட்டு அது. உச்சியில் போய் நிற்கும் ஒரு சுரத்தை அங்கேயே உடைத்து, சறுக்கி இறக்க வேண்டும். தொண்டை கிழிகிற மாதிரி இருக்கும்; கிழியக் கூடாது. அந்த இடத்தில் ஜாங்கு மேளம் வாசிக்கிறவர், "ஒல்சூ!" என்றோ "அப்படித்தான்!" என்றோ குரல் கொடுப்பார். அதை வெறும் பாராட்டு என்று சொல்லிவிட முடியாது. பாடுகிறவளுக்கு அடுத்த மூச்சு அதிலிருந்துதான் வரும். பிடிக்காவிட்டால் தாளத்தை மட்டும் போடுவார், வாய் திறக்க மாட்டார். ஒரு பாட்டுக்காரியை மேடையிலேயே வேண்டாம் என்று சொல்ல அதைவிட மரியாதையான வழி கிடையாது.

பதினேழு வருடங்கள் தல்சு ஜாங்கு வாசிக்க, ஹேரான் பாடினாள். அதில் மூன்றே முறைதான் தல்சு வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒருமுறை காய்ச்சலை மறைத்துக்கொண்டு பாடினாள். ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாளுக்காக வரிகளை மாற்றிப் பாடினாள். இன்னொருமுறை கூட்டத்தில் ஒரு பத்திரிகைக்காரன் இருக்கிறான் என்று தெரிந்து கொஞ்சம் அதிகப்படியாகப் பாடினாள். மூன்று முறையும் அவர் எதுவும் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை.

பிறகுதான் உஜின் வந்தான். அமெரிக்காவில் ஜாஸ் படித்துவிட்டு, தோளில் ஒரு சின்ன மின்பியானோவைச் சுமந்துகொண்டு, இந்தப் பாட்டுக்குள் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று வந்து நின்றான். தல்சு குனிந்து கட்டைகளைப் பார்த்தார்.

"இந்தப் பல்வரிசையில நம்ம உடைஞ்ச சுரம் எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

அது ஒரு கட்டையிலும் இல்லை. உஜின் யோசித்துவிட்டுப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அழுத்தினான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்றாங்க," என்றார் தல்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அழகாப் பொய் சொல்றாங்க," என்றார். அன்று முழுக்க அவர்கள் மூவரும் சிரித்துக்கொண்டே வாசித்தார்கள். உஜின் ஒரு தாளத்தைக் கோணலாக இழுப்பான். தல்சு துரத்திப் பிடிப்பார். இருவருக்கும் மேலே ஹேரானின் குரல் நீளமாக நிற்கும். தன் குரலுக்குக் கீழே இவ்வளவு ஆழம் இருந்ததா என்று அவளுக்கே புதிதாக இருந்தது.

ஒலிப்பதிவு சோலில், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் நடந்தது. ஆளுக்கொரு கண்ணாடி அறை. தல்சுவின் அறை திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஹேரானின் காதில் மாட்டியிருந்த கருவியில் பியானோ கேட்டது, பெரிய வயலினின் அடிக்குரல் கேட்டது, ஜாங்குவின் இரண்டு பக்கமும் கேட்டன. முதல் தடவை சுரத்தை உடைத்து இறக்கினாள். அவர் குரல் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாடினாள். ஐந்தாவது தடவை, தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று, கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தவள் கடைசியாகத் தட்டுவதுபோலத் தட்டினாள். ரெக்கார்டில் இருப்பது அந்த ஐந்தாவதுதான். அந்தக் குரலில் இருக்கும் ஏக்கத்தைப் பற்றிப் பலர் எழுதினார்கள்.

திரும்பி வரும் ரயிலில் தல்சு அவித்த முட்டையை உரித்து அவளிடம் நீட்டினார்.

"நல்லா வந்திருக்குபோல," என்றார்.

அந்தப் 'போல' அவள் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. "ம்," என்றாள். மொக்போ வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்குத் தொண்டை சரியில்லை என்றாள். மூன்றாவதுக்கு அவர் கூப்பிடவில்லை. அதன் பிறகு உஜினோடு எத்தனையோ ஊர்களில் அந்தப் பாட்டைப் பாடினாள். கம்பித் தூரிகையால் மேளத்தைத் தடவி வாசிக்கும் ஒரு நல்ல பையன் தாளத்துக்கு இருந்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் காது மட்டும் தனியாக நிமிர்ந்து நின்று, பிறகு உட்கார்ந்துகொள்ளும்.

மேசையில் பாங் இன்னொரு சோஜு பாட்டிலைத் திறந்தார்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். எங்க கடையில அந்த ரெக்கார்டு ஓடும். ஜாங்கு தல்சுதான். ஆனா ஆள் சத்தமே காணோம். தூங்கும்போதுகூட 'ஒல்சூ'ன்னு கத்துற ஆளு அவன். கேட்டா அண்ணி சொல்லும்."

"குறட்டைக்கு நடுவுல கத்துவாரு," என்றாள் சூன்னிம் அடுத்த மேசையிலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள்.

உஜினின் முகம் குடியில் சிவந்திருந்தது. "அதை ஏன் கேக்குறீங்க! மைக் சரிபார்க்கும்போதே கத்துறாரு. நான் சும்மா விரலுக்குப் பயிற்சி பண்றேன், அதுக்கும் 'அப்படித்தான்'ங்கிறாரு. சத்தம் பதியுறவரு தலையில கை வச்சுட்டாரு. கடைசியில அண்ணனே கழுத்துல கிடந்த துண்டைச் சுருட்டி வாயில கடிச்சுக்கிட்டாரு. அஞ்சு தடவையும் அப்படியேதான் வாசிச்சாரு. வெளிய வந்தப்ப பாக்கணும், துண்டுல பல்லு அச்சு!"

பாங் மேசையைத் தட்டிச் சிரித்தார். "கடிவாளம் போட்ட குதிரை!"

ஹேரான் கரண்டியைக் கீழே வைத்தாள். அது சத்தம் இல்லாமல் சாற்றுக்குள் சரிந்தது. எழுந்து, வாசலில் குவிந்து கிடந்த கறுப்புச் செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினாள். கிடைத்ததை மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் உஜின் இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பியோடு வந்தான்.

"அக்கா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"பதினேழு வருசத்துல அவரு யாரு பேச்சையும் கேட்டதில்ல," என்றாள் ஹேரான். "மேடையில கத்தாதேன்னு சொன்ன ஒரு அதிகாரியை மேடையைவிட்டே இறக்கிவிட்டாரு. நீ சொல்லி எப்படிக் கேட்டாரு?"

உஜின் கோப்பையைப் பார்த்தான். படிக்கட்டு ஜன்னலில் பிற்பகல் வெயில் அடித்தது. கீழே யாரோ மலர் வளையங்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லிக் கேக்கலை."

"பின்ன?"

"நீங்க சொன்னதாச் சொன்னேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அக்கா சுத்தமா வேணும்னு கேக்குறாங்க, குரல் நடுவுல வேற சத்தம் வேண்டாங்கிறாங்கன்னு. அப்ப அது பெரிய விசயமாத் தோணலை. நாலு மணி நேரத்துக்குத்தான் அந்த அறை எங்க கையில இருந்துச்சு. ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு. 'ஹேரானா சொன்னா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ஒண்ணும் பேசாம துண்டை எடுத்தாரு."

"அப்புறமாவது சொன்னியா?"

"இல்ல."

"என்கிட்ட?"

"நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கு வேற ஏதோ காரணம்னு நினைச்சேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்படி நினைச்சுக்கிறது வசதியா இருந்துச்சு அக்கா."

முட்டையை உரித்து நீட்டிய கை அவள் நினைவுக்கு வந்தது. நல்லா வந்திருக்குபோல. என் வாயை அடைத்துவிட்டு நீ பாடிய பாட்டு நன்றாக வந்ததா என்று, சண்டைக்குப் போகாமல், அவர் அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் 'ம்' என்று சொல்லியிருக்கிறாள். உஜினை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்தால் அவன் வாங்கிக்கொள்வான். அதனால் அறையவில்லை.

"போ," என்றாள்.

அவன் போகவில்லை. தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான்.

"அண்ணி நாளைக்கு அந்தப் பாட்டோட நல்ல பிரதி கொண்டுவரச் சொன்னாங்க. பதிஞ்சது எல்லாத்தையும் தனித்தனியா வாங்கிட்டு வந்திருக்கேன். அண்ணன் அறையில ரெண்டு மைக் இருந்துச்சு. ஒண்ணு மேளத்தோல்கிட்ட. ரெக்கார்டுல சேர்த்தது அதைத்தான், உங்க காதுக்கு வந்ததும் அதுதான். இன்னொண்ணு அவரு தலைக்கு மேல." கணினியை ஜன்னல் திட்டில் வைத்தான். "அதை நான் கேட்டதில்ல. கேக்க முடியலை."

திரையில் கறுப்புப் பின்னணியில் பச்சை நிறத்தில் ஒரு நீளமான பட்டை விரிந்தது. உஜின் காதுக்கருவியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"சத்தம் வேண்டாம். எது என்னன்னு மட்டும் சொல்லு."

"இது அந்த அஞ்சாவது தடவை. உயரமா நிக்கிற கோடெல்லாம் ஜாங்கு அடி."

கோடுகள் வேலிக்கம்புகளைப்போல வரிசையாக நின்றன. அவள் முதல் கோட்டில் விரலை வைத்து, உதட்டுக்குள்ளேயே பாட்டை எடுத்தாள். அலை இழுத்தால் நானும் இழுப்பேன், பாறை விட்டால் நானும் விடுவேன். விரல் கோடு கோடாக நகர்ந்தது. சுரம் ஏறி உச்சியில் நின்று உடைந்தது. விரலுக்குக் கீழே, இரண்டு கோடுகளுக்கு நடுவில், ஒரு சின்ன மேடு இருந்தது. கடித்த துண்டுக்கு அடியில் ஏதோ மூச்சுவிடுவதுபோன்ற மேடு.

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது உடைசலில் ஒரு மேடு. மூன்றாவதிலும். வழக்கமாக அவர் குரல் கொடுக்கும் ஐந்து இடங்களிலும் மேடு இருந்தது. ஆறாவது மேடு அவள் மூச்சு வாங்கத் தடுமாறிய இடத்தில் இருந்தது. ஏழாவது, வரியை மறந்து வெறும் ஓசையாக இழுத்த இடத்தில். அந்த இரண்டையும் அவள் இத்தனை வருடங்களாகத் தன் பிழை என்றே நினைத்திருந்தாள்.

உள்ளேயிருந்து சூன்னிம் கூப்பிடும் சத்தம் கேட்டது. "ஹேரான், சாறைச் சூடு பண்ணி வச்சிருக்கேன், வாம்மா." உஜின் திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

பாட்டு அவள் உதட்டில் முடிந்தது. கடைசிக் கோட்டோடு விரலை எடுக்கப் போனாள். கோட்டுக்குப் பிறகு பட்டை தொடர்ந்தது. தாளம் இல்லை, பாட்டு இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக, தாழ்வாக, அழுகையை அடக்குகிற மூச்சுபோல ஒரு மேடு எழுந்து, மெல்ல இறங்கி, மறுபடியும் எழுந்து, திரையின் ஓரம் வரை போய்க்கொண்டிருந்தது. காதுக்கருவி அவள் உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது.