ஹனா என்கிற ரஞ்சனி

"மகள் ரஞ்சனி. ஆமாம்பா, ரஞ்சனிதான். நல்லாப் பெருசா போடு," என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு போனில் பேர் சொல்லிக்கொண்டிருந்தார் சுப்பிரமணி சித்தப்பா.

அப்பாவின் ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்திருந்த ரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். மண்ணூரில் எல்லாருக்கும் அவள் ஹனாதான். கெஜட்டில் பேரை ரஞ்சனி என்று மாற்றிக்கொண்டு பெங்களூர் போனவள், இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு எப்டி சித்தப்பா தெரியும்?"

"அண்ணன்தான் வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போச்சே. பழைய பேரு அவளுக்குப் புடிக்கல, இனிமே யாரும் அப்டி கூப்டாதீங்கன்னு."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஊரைவிட்டுப் போகுமுன் இதே கூடத்தில், இதே சொந்தக்காரர்கள் முன்னால்தான், "கொரியாக்காரனுக்குக் காக்கா புடிக்க என் பேருதான் கெடச்சுதா ஒனக்கு?" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியையெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டினாள். ஒரகடத்துக் கொரியக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அப்பா பரசுராமன், "ஹனான்னா அவங்க பாஷையில ஒண்ணுன்னு அர்த்தம்மா," என்றார். அதற்கும் சிரித்தாள், மகராசி.

யார் கண்ணிலும் படாமல் கொஞ்ச நேரம் உட்காரலாமென்றால் சாவு வீட்டில் அப்படி ஓர் இடம் ஏது? சமையல்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே வந்த அம்மா மரகதம் கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பேர வெச்சது அவரு இல்லடி. நானு."

ரஞ்சனி திரும்பினாள்.

"அப்போ நானும் அதே கம்பெனியில லைன்ல நின்னேன். காண்ட்ராக்ட்டு. மாசமா கீறது தெரிஞ்சா நிப்பாட்டிடுவாங்கன்னு வயித்த இறுக்கிக் கட்டிக்கினு போவேன். ஏழாம் மாசம் ரத்தம் போச்சு. ஷிப்ட் முடியட்டும்னான் சூப்பர்வைசர். ட்ரெய்னிங் குடுக்க கொரியாவுலேர்ந்து வந்த பொண்ணுதான் லைனையே நிறுத்திட்டு, அவ கார்ல என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு ஓடுனா. அவ பேருதான் ஹனா."

"ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"வயித்தக் கட்டுனது தெரிஞ்சா சொந்தத்துல என்னியக் கிழிச்சிருப்பாங்க. அதான் ஒங்கப்பா, 'நான் வெச்சேன்னு சொல்லிக்கிறேன்'னாரு. நீ கத்துனப்போ கூட நான் வாயத் தொறக்கல பாரு." மரகதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்து அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ரஞ்சனி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு தபா அந்தப் பேரச் சொல்லி என்னக் கூப்டும்மா. அவரு காதுல வுழட்டும்."

மரகதம் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்டி. அவரு கூப்டக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரஞ்சனி, அரிசியப் போடும்மா. நேரமாவுது," என்றாள்.

ரஞ்சனி போட்டாள். மூடிய உதட்டில் நிற்காமல் அரிசி கழுத்துப் பக்கம் சரிந்தது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் உதட்டில் வைத்தாள். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.