அளக்காமல் அனுப்ப மாட்டோம்

விடிவதற்குள் சோதனை அறைக்குள் இருப்போம். ஏசிக் குளிர் எலும்பைத் துளைக்கும். விசிறி இரைச்சலில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. விரல் மரத்துப்போகக் கேபிள்களை மாற்றிச் செருகி, வேண்டுமென்றே பொய் சொல்லும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் பொட்டலங்களை, அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. பாக்கெட்டின் தலைப்பகுதி தன் நீளத்தைத் தானே சொல்லும். அதை வாங்கும் நெட்வொர்க் டிரைவர் என்ற மென்பொருள், இயந்திரத்தின் மூளையான கெர்னலிடம் அப்படியே கொடுக்கும். உண்மையில் அவ்வளவு வந்ததா என்று அளக்காமல் கெர்னல் நம்பினால், இல்லாததைப் படிக்கப்போய் மொத்த இயந்திரமும் படுத்துவிடும். அந்த அளவுச் சோதனையை எழுதியவள் எங்களோடு வேலை செய்யும், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவள்.

கிடங்குகளில் சுமை தூக்கும் இயந்திரங்களுக்குப் போகிற மென்பொருள் இது. வேகம் போதவில்லை என்றார் முதலாளி. எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, போன வருஷம் மேலாளரான அண்ணன் வந்தார். "அந்தச் சோதனைய எடுத்துடும்மா. ஏதாவதுன்னா நான் பாத்துக்கறேன்." எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. அக்கா நம்பி எடுத்தாள்.

நேற்று ஒரு கிடங்கில் நீளம் தப்பான பாக்கெட் வந்து கெர்னல் விழுந்தது. தூக்கிய சுமையை இயந்திரம் விட்டுவிட்டது. கீழே நின்ற தொழிலாளியின் கால் நசுங்கிப்போனது.

காலையில் முதலாளி எங்கள் அறைக்கே வந்தார். "யாரு எடுத்தது?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அவங்களாத்தான் எடுத்தாங்க சார். எனக்குத் தெரியாது."

அடப்பாவி, கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே! "என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள் அக்கா. அவர் நிமிரவில்லை.

"நீ இன்னியோட கிளம்பலாம்" என்றார் முதலாளி. "மத்தவங்க வேலையப் பாருங்க. மதியத்துக்குள்ள இது மத்த கிடங்குக்கும் போயாகணும்."

"சோதனை இல்லாமலா சார்?" என்றேன்.

"திருப்பிச் சேத்து அனுப்ப ஒரு வாரம் ஆகும். கம்பெனி தாங்குமா?"

"அவரு கால் தாங்கலையே சார்."

அக்கா பையை எடுக்கவில்லை. உட்கார்ந்து, எடுத்த சோதனையைத் திரும்ப எழுத ஆரம்பித்தாள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு திருத்தத்திலும் செய்தவர் பெயர் இருக்கும். "என் பேரையும் போடும்மா" என்றார் எங்களோடு கேபிள் செருகும் கேபிள்காரர். பிறகு நான். பிறகு அறையில் இருந்த அத்தனை பேரும்.

"எதுக்கு இத்தனை பேரு? ஒரு பேரு போதாதா?" முதலாளி சீறினார்.

"ஒரு பேருன்னா ஒருத்தியத்தானே சார் வெளிய தள்ளுவீங்க" என்றார் கேபிள்காரர்.

"எல்லாரையும் தள்ளிட்டு வேற ஆள் வெக்க எனக்குத் தெரியும்."

தெரியும்தான். செய்யக்கூடியவர்தான். பயமாகத்தான் இருந்தது. அவர் முன்னாலேயே விபத்து நடந்த கிடங்கின் தொழிலாளர்களுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மெஷினை நிறுத்திட்டோம் தம்பி" என்றது குரல். "நீங்க அளந்து முடிக்கிற வரைக்கும் இங்க எவனும் சுமை தூக்க மாட்டான். அந்தப் பொண்ணை மட்டும் எங்கயும் போக விடாதீங்க."